மதுரைல கிரிமினல் கேஸ்ல பேரு வந்துருச்சா? வக்கீல் பிடிக்கிற முன்னாடியும் பிடிச்ச பின்னாடியும்

எஃப்.ஐ.ஆர்ல தம்பி பேரு வந்துருச்சுன்னு ஒரு போன் வந்தா போதும், வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சிருவாய்ங்க. மாமா ஒரு வக்கீல் பேரு சொல்லுவாரு, வார்டு அரசியல்வாதி "நான் பேசிக்கிறேன், நீங்க கம்முன்னு இருங்க"ம்பாரு, ஸ்டேஷனுக்கு எதிர்த்த டீக்கடைல யாருன்னே தெரியாத ஒருத்தர் விசிட்டிங் கார்டை நீட்டுவாரு. அந்தப் பதட்டத்துல யாரு கைல வக்காலத்துல (நமக்காக கோர்ட்ல ஆஜராக வக்கீலுக்கு எழுதிக் குடுக்கிற தாள்) கையெழுத்துப் போட்டுக் குடுக்குறீங்களோ அவர் பின்னாடிதான் அடுத்த மூணு நாலு வருஷம் அலையப் போறீங்க. நான் வக்கீல் இல்ல, மதுரைல வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா கொஞ்ச வருஷம் கேஸ் கட்டு தூக்கினவன். அதனால சட்ட ஆலோசனையா எடுத்துக்காதீங்க, முதல் தடவை கோர்ட் படி ஏறுறவங்களுக்கு விஷயம் எப்படி நடக்கும்னு சொல்றேன், அவ்வளவுதான்.

முதல்ல பேப்பரைப் பாருங்க, அப்புறம் வக்கீல்

வக்கீலைத் தேடுறதுக்கு முன்னாடி கேஸ் எந்தக் கட்டத்துல இருக்குன்னு தெரியணும். வெறும் புகார் மனுவுக்கு சி.எஸ்.ஆர் (புகார் வாங்கினதுக்கு ரசீது) போட்டு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காய்ங்களா, எஃப்.ஐ.ஆர் போட்டாச்சா, ஆளைத் தூக்கியாச்சா, இல்ல எப்பவோ நடந்ததுக்கு இப்ப குற்றப்பத்திரிகை போட்டு கோர்ட்ல இருந்து சம்மன் வந்திருக்கா? இந்த நாலுக்கும் வேலை வேற, ஃபீஸ் வேற, சில சமயம் வக்கீலே வேற.

எஃப்.ஐ.ஆர் காப்பியை தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், குற்ற எண் குடுத்து எடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள்ள ஏத்தணும்னு 2016லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, போக்சோ மாதிரி கேஸு மட்டும் நெட்ல வராது, அதுக்கு கோர்ட்ல காப்பி மனு போட்டு வாங்கணும். காப்பி கைக்கு வந்ததும் எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன, என்னென்ன பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவங்க வரிசைல நம்ம ஆளு ஏ1ஆ ஏ5ஆன்னு ஒரு தாள்ல எழுதி வச்சுக்கங்க. வக்கீல் ஆபீஸுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு "ஏதோ அடிதடி கேஸுண்ணே"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு வருவாங்க, அதை வச்சு எந்த வக்கீலும் ஒண்ணும் சொல்ல முடியாது.

2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டம், குற்றமும் தண்டனையும் சொல்ற ஐ.பி.சிக்கு பதிலா பி.என்.எஸ், கைது, ஜாமீன் மாதிரி நடைமுறை சொல்ற சி.ஆர்.பி.சிக்கு பதிலா பி.என்.எஸ்.எஸ். அதுக்கு முன்னாடி நடந்த சம்பவம்னா பிரிவு பழைய ஐ.பி.சிதான். நம்ம பக்கம் வாய்த்தகராறு, அடிதடின்னா முன்னாடி 294(பி), 323, 506ன்னு வரும், இப்ப 296(பி), 115(2), 351ன்னு வருது. அந்த வரிசைல 109ன்னு ஒண்ணு சேர்ந்திருந்தா அது கொலை முயற்சி, ஸ்டேஷன்லயே ஜாமீன்ல விடமுடியாத பிரிவு, செஷன்ஸ் கோர்ட்ல நடக்கிற கேஸ். ஒரே ஒரு நம்பர்தான், ஆனா அதுதான் எந்த வக்கீல் வேணும்னு முடிவு பண்ணும்.

எந்தக் கோர்ட்டுன்னு தெரிஞ்சாதான் எந்த வக்கீல்னு தெரியும்

இதைத்தான் நிறையப் பேரு தலைகீழாப் பண்றாய்ங்க. "ஹைகோர்ட் வக்கீலையே வச்சிருவோம்"னு நேரா ஹைகோர்ட் பெஞ்ச் இருக்கிற உலகனேரிக்குப் போயி பெரிய ஆளாப் பிடிப்பாய்ங்க, கேஸு பார்த்தா உசிலம்பட்டி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல இருக்கும். அந்தப் பெரிய வக்கீல் உசிலம்பட்டிக்கு வாய்தாவுக்கு வாய்தா வரப் போறதில்ல, யாரோ ஒரு ஜூனியரை அனுப்புவாரு, அந்த ஜூனியரும் அன்னைக்குக் காலைலதான் கட்டைப் பிரிச்சுப் பார்ப்பாரு.

ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டோட சேர்ந்தது. டவுனுக்குள்ள இருக்கிற ஸ்டேஷன்னா பெரும்பாலும் மாவட்ட கோர்ட் வளாகத்துக்குள்ளயே முடிஞ்சிரும். வெளில மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டின்னு அந்தந்த ஊர்ல கோர்ட் இருக்கு. கொலை, கொலை முயற்சி மாதிரிப் பெரிய கேஸு மாஜிஸ்ட்ரேட்ல ஆரம்பிச்சு செஷன்ஸுக்கு கமிட் ஆகிப் போகும். கஞ்சா கேஸுக்கும் போக்சோவுக்கும் எஸ்.சி எஸ்.டி சட்டத்துக்கும் தனிச் சிறப்பு கோர்ட். ஹைகோர்ட் பெஞ்ச் இருக்கிறது மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டுல, 2004 ஜூலை 24ல திறந்தது, அதுக்கு முன்னாடி ஒரு ஜாமீன் மனுவுக்குக் கூட பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி மெட்ராஸ் போன காலம். இப்ப அங்க போக வேண்டியது முன்ஜாமீனுக்கு (இதை செஷன்ஸ்லயும் கேக்கலாம்), கீழ தள்ளுபடியான ஜாமீனுக்கு, எஃப்.ஐ.ஆரையே ரத்து பண்ணச் சொல்லிக் கேக்குற மனுவுக்கு, அப்பீலுக்கு. குண்டாஸ்ல (குண்டர் தடுப்புச் சட்டத்துல) போட்டுட்டாய்ங்கன்னா அதை உடைக்கிற ஆட்கொணர்வு மனுவும் அங்கதான், அதுக்குன்னே பழகின வக்கீல்கள் தனியா இருக்காங்க.

அதனால என் கருத்து ஒண்ணுதான், பெரிய பேரை விட அந்தக் கோர்ட்ல தினம் நிக்கிற ஆளு முக்கியம். உங்க ஸ்டேஷன் கேஸெல்லாம் போற கோர்ட்ல ஒரு பத்து வருஷமா நிக்கிறவரு, உங்க கட்டை அவரே படிக்கிறவரு, அவர் போதும். ஹைகோர்ட் வேலை வந்தா அதுக்குத் தனியா ஒருத்தரை வச்சுக்கலாம், கீழ்கோர்ட் வக்கீலே ஆள் சொல்லுவாரு.

ஆளைத் தூக்கிட்டாய்ங்கன்னா

அப்ப ஆற அமரத் தேட நேரமில்ல. கைது பண்ணின 24 மணி நேரத்துக்குள்ள, பயண நேரம் போக, மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாகணும். ஏன் கைதுங்கிறதை அந்த ஆளுக்குப் புரியுற மொழில எழுத்துல குடுக்கணும்னு 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க. வீட்டுக்குத் தகவல் சொல்லியாகணும். விசாரணைக்கு நடுவுல வக்கீலைப் பார்க்கிற உரிமையும் இருக்கு, முழு நேரமும் வக்கீல் பக்கத்துல உக்கார முடியாது, ஆனா பார்க்கலாம்.

அந்த நேரத்துல உங்களுக்கு வேண்டியது ரிமாண்டுக்கு (ஆளைக் காவல்ல வைக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துறப்ப) வந்து நிக்கிற ஒரு வக்கீல், அவ்வளவுதான். முழுக் கேஸையும் அவர்கிட்டயே குடுக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. "ரிமாண்டுக்கு மட்டும் வாங்க சார், மத்ததை அப்புறம் பேசிக்கலாம்"னு வெளிப்படையாச் சொல்லலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமைன்னா மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கே கூட்டிட்டுப் போவாய்ங்க, அங்கயும் வக்கீல் வரலாம். ஆளு உடம்புல காயம் இருந்தா அதை மாஜிஸ்ட்ரேட்கிட்ட அப்பவே வாய்விட்டுச் சொல்லணும், வக்கீலும் பதிவு பண்ணச் சொல்லணும். தமிழ்நாட்டுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கை உடையறவங்க எண்ணிக்கை எப்படின்னு உங்களுக்கே தெரியும், 2020 சாத்தான்குளத்துக்கு அப்புறம் இதை விளக்க வேண்டியதில்ல.

அப்புறம், ஸ்டேஷன்ல போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது, அதை வச்சு பொருள் எதுவும் கைப்பத்தினா அந்த அளவுக்கு மட்டும் செல்லும். "கையெழுத்துப் போட்டுட்டான், எல்லாம் போச்சு"ன்னு வீட்ல அழ வேண்டியதில்ல.

இன்னும் கைது இல்ல, விசாரணைக்கு வரச் சொல்ற பி.என்.எஸ்.எஸ் 35(3) நோட்டீஸ் மட்டும் வந்திருக்குன்னா அதை மதிச்சு வக்கீல்கிட்ட காட்டிட்டு சொன்ன தேதிக்குப் போயிருங்க. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸுல இப்படி நோட்டீஸ் குடுத்துக் கூப்பிடுறதுதான் முறை, ஒழுங்கா ஆஜரானா காரணம் எழுதாம கைது பண்ண முடியாது. போகாம ஒளிஞ்சா நீங்களே அந்தக் காரணத்தைக் கைல குடுத்த மாதிரி.

எங்க தேடுறது, யாரைத் தவிர்க்கிறது

ஸ்டேஷன்ல இருந்து யாராச்சும் "இந்த வக்கீலைப் பாருங்க"ன்னு சொன்னா அவரை மட்டும் பார்க்காதீங்க. அவர் நல்லவராவே இருக்கலாம், ஆனா நாளைக்கு அதே இன்ஸ்பெக்டரைக் கூண்டுல ஏத்தி குறுக்கு விசாரணை பண்ண வேண்டியவரு அவரு. "ஜட்ஜ் நமக்கு வேண்டியவரு"ங்கிற ஆளு கிட்ட இருந்து அப்பவே எழுந்து வந்துருங்க. "நூறு சதவீதம் விடுதலை வாங்கித் தர்றேன்"ங்கிறவரும் அப்படித்தான், ஒழுங்கான வக்கீல் வாய்ல இருந்து அந்த வார்த்தை வராது.

நெட்ல நம்பர் ஒன் வக்கீல்னு வர்றதை நம்பாதீங்க. வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதுங்கிறது பார் கவுன்சில் ரூல், 2024 ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட்டே இந்த ஆன்லைன் விளம்பரத்தைக் கண்டிச்சு நடவடிக்கை எடுக்கச் சொல்லிருக்கு. ஆனா அதே நெட்ல உருப்படியா ஒண்ணு இருக்கு, இ-கோர்ட்ஸ் வெப்சைட். கோர்ட்டைத் தேர்ந்தெடுத்து வக்கீல் பேரைப் போட்டா அந்தக் கோர்ட்ல அவர் பேர்ல ஓடுற கேஸு, முடிஞ்ச கேஸு லிஸ்ட் வரும். ஒருத்தர் "எனக்கு இங்க நூறு கேஸு"ம்பாரு, தட்டிப் பார்த்தா நாலு செக் கேஸு வரும்.

அதை விட நல்ல வழி, நேர்ல போயி உக்காருங்க. கோர்ட் எல்லாருக்கும் திறந்ததுதான், போனை சைலன்ட்ல போட்டுட்டு பின் பெஞ்ச்ல காலைல பத்தரைக்கு உக்காந்தா யாரும் கேக்க மாட்டாய்ங்க. கேஸ் கூப்பிட்டதும் கட்டைப் பிரிச்சு டக்குன்னு பதில் சொல்றவரு யாரு, "பாஸ்ஓவர் யுவர் ஆனர்"னு, அதாவது கேஸை அப்புறமா கூப்பிடுங்கன்னு ஓடுறவரு யாரு, ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிரும். முடிஞ்சா ஒரு குறுக்கு விசாரணை நடக்கிற நாளாப் பாருங்க. ஜாமீன் வாங்குறது ஒரு வேலை, கேஸ் நடத்துறது வேற வேலை. ஜாமீன் நல்லா வாங்குறவரு சாட்சியை கிராஸ் பண்ணத் தெரியாம நிக்கிறதை நானே பார்த்திருக்கேன், கத்திப் பேசுறவரு நல்ல கிராஸ் பண்ணுவாருன்னும் இல்ல. மெதுவா, சின்னச் சின்னக் கேள்வியா, தேதி நேரம் வெளிச்சம் தூரம்னு கேட்டுக்கிட்டே போறவரு பக்கம்தான் நான் சாய்வேன்.

விசாரிக்கிறதுன்னா கேஸ் முடிஞ்ச ஆளுகளைக் கேளுங்க, நேத்து ஜாமீன்ல வந்தவனைக் கேக்காதீங்க, அவனுக்கு இன்னைக்கு அவன் வக்கீல் சாமி. கோர்ட்டுக்கு வெளிய இருக்கிற டைப்பிங் கடை, ஜெராக்ஸ் கடைக்காரங்களுக்கு நிறையத் தெரியும், நேராக் கேட்டா சொல்ல மாட்டாங்க, டீ வாங்கிக் குடுத்துக் கேட்டா பாதி சொல்லுவாங்க.

இன்னொண்ணு, நம்ம பக்கம் "நம்மாளு" வக்கீலாப் பாருன்னு ஒரு பழக்கம் இருக்கு. சாதி சொந்தம் பார்த்து வச்சா, ஊருக்குள்ள நடந்த சண்டைல எதிர்த்தரப்பும் அவருக்குச் சொந்தமாத்தான் இருப்பாய்ங்க, அப்புறம் பஞ்சாயத்துல உக்காந்து யார் பக்கம் பேசுறாருன்னே தெரியாது. அதே மாதிரி ஒரே கேஸ்ல அஞ்சு பேரு மாட்டியிருந்தா அஞ்சு பேருக்கும் ஒரே வக்கீல்னு செலவு மிச்சம் பிடிப்பாங்க. எல்லாரும் ஒரே கதை சொல்றவரைக்கும் சரி. "நான் அங்க இல்லவே இல்ல, அவன்தான் அடிச்சான்"ங்கிற நிலைமை வந்தா உங்களுக்குத் தனி வக்கீல் வேணும்.

முதல் சந்திப்புல

எஃப்.ஐ.ஆர் காப்பி, வந்த நோட்டீஸ், உங்களுக்கும் அடிபட்டிருந்தா ஆஸ்பத்திரி ஏ.ஆர் காப்பி (காயத்தைப் பதிஞ்ச விபத்துப் பதிவேடு), வாட்ஸ்அப் மெசேஜ், எல்லாம் ஜெராக்ஸா எடுத்துட்டுப் போங்க, ஒரிஜினல் உங்க கிட்டயே இருக்கட்டும். சம்பவ இடத்துக்குப் பக்கத்துல கடையில சி.சி.டி.வி இருந்தா அதை முதல் நாளே சொல்லுங்க, ரெக்கார்டு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிரும், அப்புறம் எவ்வளவு அழுதாலும் வராது.

வக்கீல்கிட்ட பொய் சொல்லாதீங்க. பழைய கேஸு இருந்தா அதையும் சொல்லுங்க, ஜாமீன் மனு வாதத்துல அரசு வக்கீல் எந்திரிச்சு "இவர் மேல ஏற்கனவே மூணு கேஸ்"னு சொல்லும்போதுதான் உங்க வக்கீலுக்கே தெரியணுமா? நீங்க சொல்றதை அவர் வெளில சொல்லக் கூடாதுன்னு சாட்சியச் சட்டத்துலயே இருக்கு.

நீங்க கேக்க வேண்டியதும் இருக்கு. "சார், நீங்களே வருவீங்களா, ஜூனியர் வருவாங்களா, வந்தா யாரு?" "இந்தப் பிரிவுல அதிகபட்சம் எத்தனை வருஷம்?" "முன்ஜாமீன் செஷன்ஸ்ல போடுறோமா ஹைகோர்ட்லயா, ஏன்?" எஸ்.சி எஸ்.டி சட்டப் பிரிவு இருந்தா முன்ஜாமீனுக்கு 18வது பிரிவுல தடை இருக்கு, அதைத் தெரியாத மாதிரி "போட்ருவோம்"னு பணம் வாங்குறவர்கிட்ட உஷாரா இருங்க. நீங்க பேசும்போது தேதியையும் நேரத்தையும் திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதிக்கிறவருன்னா நல்ல சகுனம்.

சந்தேகம் இருந்தா பார் கவுன்சில் என்ரோல்மென்ட் நம்பரைக் கேளுங்க. கோட்டுப் போட்டவரெல்லாம் வக்கீல் இல்ல.

ஃபீஸ்

மதுரைல இதுக்கு ரேட் கார்டெல்லாம் கிடையாது. வக்கீலோட அனுபவம், கேஸோட கனம், உங்க முகம், உங்க கூட வந்தவர் முகம், எல்லாத்தையும் பார்த்துத்தான் சொல்லுவாங்க. அதனால மொத்தமா ஒரு தொகை பேசாம கட்டம் கட்டமாப் பேசுங்க. ஜாமீனுக்கு எவ்வளவு, ஜாமீன்தாரர் நிறுத்துற வேலை அதுல சேர்ந்ததா, சாட்சி விசாரணைக்கு எவ்வளவு, வாதத்துக்குத் தனியா, ஹைகோர்ட் போனா அது யாரு எவ்வளவு. "அண்ணே, ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்கண்ணே, வீட்ல காட்டணும்"னு கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க. முடிஞ்சவரை ஜிபேல போடுங்க, கணக்கு நிக்கும். ஜெயிச்சா இவ்வளவுன்னு பேசுறது பார் கவுன்சில் ரூல்படியே கூடாது. "ஸ்டேஷனுக்கு", "கோர்ட்டுக்கு"ன்னு தனியாக் கேக்குற காசு ஃபீஸ் இல்ல, குடுக்காதீங்க, குடுத்தா நீங்களும் ஒரு குற்றம் பண்றீங்க. கிரிமினல் மனுவுக்கு ஸ்டாம்ப் செலவு ரொம்பக் குறைச்சல்.

வக்காலத்துல கேஸ் நம்பர், கோர்ட் பேரு நிரப்பின பிறகு கையெழுத்துப் போடுங்க, வெள்ளைத் தாள்ல எதுலயும் போடாதீங்க. ஆளு உள்ள இருந்தா வக்காலத்து புது ஜெயில் ரோட்டுல இருக்கிற மத்திய சிறைக்குப் போயி அவர் கையெழுத்தோட, ஜெயில் அதிகாரி சான்றோட வரும், அதுக்கும் ஒரு நாள் ஆகும்னு வச்சுக்கங்க.

காசே இல்லன்னா வெட்கப்பட வேண்டியதில்ல, மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி எஸ்.டி, காவல்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல், 1987 சட்டத்துலயே இருக்கு. 15100ன்னு போன் போடலாம். இலவச வக்கீல்னா ஏனோதானோன்னு இருப்பாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. இப்ப இதுக்குன்னே சம்பளத்துக்கு முழுநேரமாக் கிரிமினல் கேஸு மட்டும் பார்க்கிற வக்கீல்களைப் போட்டிருக்காங்க. நகையை அடகு வச்சு அரைகுறை ஆளைப் பிடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

வக்கீல் வச்சதோட முடியல

ஜாமீன் ஆர்டர் வந்ததும் ஆளு வெளில வந்துர மாட்டாரு. பெரும்பாலும் ரெண்டு ஜாமீன்தாரர் கேப்பாங்க, அதுல ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும்னு ஆர்டர்ல போடுறதும் உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதுன்னு மனு நிலுவைல இருக்கும்போதே ஆளைத் தயார் பண்ணி வைங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்டர் வாங்கிட்டு ஜாமீன்தாரர் கிடைக்காம திங்கக்கிழமை வரை உள்ள இருந்தவங்க எத்தனையோ பேரு. தினம் ஸ்டேஷன்ல கையெழுத்துன்னு கண்டிஷன் இருந்தா ஒரு நாள் கூட விடாதீங்க, கொஞ்ச நாள் கழிச்சு வக்கீல் தளர்வு மனு போடுவாரு. வெளில வந்த அன்னைக்கே மாலை போட்டு காரு மேல ஏறி ரீல்ஸ் போடுறது நம்ம ஊர் பயலுகளுக்கு ஒரு வியாதி, அதை வச்சே ஜாமீனை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம்.

உள்ள இருக்கும்போது 60 நாள், பெரிய குற்றம்னா 90 நாளுக்குள்ள குற்றப்பத்திரிகை போடலைன்னா ஜாமீன் கேக்குறது உரிமை. கஞ்சா வணிக அளவு, அதாவது 20 கிலோவுக்கு மேலன்னா 180 நாள். ஆனா மனு போட்டாத்தான் கிடைக்கும், போலீஸ் முந்திக்கிட்டு தாக்கல் பண்ணிட்டா போச்சு. அந்தத் தேதியை நீங்களும் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, வக்கீலுக்கு நாலு நாள் முன்னாடியே ஞாபகப்படுத்துங்க.

குற்றப்பத்திரிகை வந்தா சாட்சி வாக்குமூலத்தோட முழுக் காப்பி உங்களுக்கு இலவசமாத் தரணும். ஒரு செட் ஜெராக்ஸ் போட்டு வீட்ல உக்காந்து வரி வரியாப் படிங்க. அந்தச் சாட்சி அன்னைக்கு ஊர்லயே இல்லங்கிறது உங்களுக்குத்தான் தெரியும், வக்கீலுக்குத் தெரியாது. சாட்சிகளைப் போயி பார்த்துப் பேசுறது, மிரட்டுறது, காசு குடுக்கிறது எதுவும் கூடாது, அது தனிக் கேஸாகும்.

வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் ஆப்ல உங்க கேஸுக்குக் குடுத்திருக்கிற 16 இலக்க சி.என்.ஆர் எண் போட்டு நீங்களே பாருங்க. போக முடியலைன்னா முன்னாடியே சொன்னா வக்கீல் ஆப்சென்ட் பெட்டிஷன் போடுவாரு, சொல்லாம இருந்தா பிடிவாரண்ட். வெளிநாட்டு வேலைக்கு பாஸ்போர்ட் எடுக்கணும்னா கேஸ் நடக்கிற கோர்ட்ல அனுமதி வாங்கணும், ஏஜென்ட் சொல்றான்னு கேஸை மறைச்சு எழுதாதீங்க. அதே மாதிரி சின்ன கேஸுதானே, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிரலாம்னு யாராச்சும் சொன்னா கொஞ்சம் நில்லுங்க. ஃபைன் கட்டினாலும் அது தண்டனைதான், போலீஸ் செலக்‌ஷனுக்கோ அரசு வேலைக்கோ படிக்கிற பையன்னா வாழ்க்கைக்கும் கேள்வி வரும். சமரசம் பண்ணக் கூடிய பிரிவா, இல்லன்னா ஹைகோர்ட்ல ரத்து கேக்கலாமான்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க.

வக்கீலை மாத்தணும்னா

ஒரு வாய்தாவுக்கு வரலைன்னு மாத்தாதீங்க, அவருக்கும் வேற கோர்ட்ல கேஸ் இருக்கும். ஆனா போன் எடுக்கறதில்ல, கட்டைப் படிக்கல, சாட்சி வந்த அன்னைக்கு கேள்வியே கேக்காம "கிராஸ் நில்"னு விட்டுட்டாருன்னா யோசிக்க வேண்டியதுதான். நேர்ல போயி மரியாதையாவே சொல்லி நோ அப்ஜெக்‌ஷன் எழுதி வாங்குங்க, அப்பத்தான் புது வக்கீல் வக்காலத்துப் போட முடியும், அவர் தர மறுத்தா கோர்ட்ல மனு போட்டு வாங்கிக்கலாம். ஃபீஸ் பாக்கி இருக்குன்னு கட்டைப் பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லன்னு 2000ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. பாக்கியை அவர் தனியா வசூல் பண்ணிக்கலாம், நியாயமான பாக்கின்னா நீங்களே குடுத்துருங்க. பெரிய முறைகேடு நடந்திருந்தா தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு எழுத்துல புகார் குடுக்கலாம். கட்டை வாங்கும்போது உள்ள என்னென்ன பேப்பர் இருக்குன்னு ஒரு லிஸ்ட் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கங்க, அடுத்த வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்னாடியாச்சும் புது வக்கீல் கைல அது இருக்கணும்.